எப்படி அளந்தீர்கள்?

ஒரு பொருளில் ஈரம் எவ்வளவு? அதன் துகள் எவ்வளவு பொடி? இந்த இரண்டே கேள்விகளைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன். இவ்வளவுதானா என்று நினைத்துவிடாதீர்கள். களத்தில் குவித்த நெல்லை அரசு வாங்குமா, திருப்பி அனுப்புமா என்பதை முதல் கேள்வி முடிவு செய்கிறது. நம் தலைக்கு மேலே இருக்கும் கூரையின் கான்கிரீட் எத்தனை உறுதி என்பதில் இரண்டாம் கேள்விக்குப் பெரிய பங்கு உண்டு. விழுங்கிய மாத்திரை எவ்வளவு சீக்கிரம் கரையும், கிடங்கில் அடுக்கிய மிளகு மூட்டை பூசணம் பிடிக்குமா, இழுக்கும் மூச்சில் நுரையீரலின் அடிவரை போகும் தூசு எவ்வளவு, எல்லாமே இந்த இரண்டு கேள்விகளில்தான் வந்து நிற்கின்றன.

கேள்வி எளிது. விடையும் எளிதாகத்தான் வருகிறது. ஈரப்பதம் 17 விழுக்காடு. துகள் அளவு 20 மைக்ரான். ஓர் எண், அதன் பின்னே ஓர் அலகு. தாளில் அச்சாகி, முத்திரை விழுந்து, கையெழுத்தும் ஆகிவிட்டால் அதற்கு மேல் யார் என்ன கேட்பார்கள்? நான் கேட்கச் சொல்கிறேன். எப்படி அளந்தீர்கள் என்று கேட்கச் சொல்கிறேன். ஏனென்றால் இந்த இரண்டு அளவுகளிலும் முறை என்பது எண்ணின் பாதி. முறையைச் சொல்லாமல் எண்ணை மட்டும் சொல்வது வாக்கியத்தைப் பாதியில் நிறுத்துவதற்குச் சமம். மரக்காலில் நெல் அளந்த காலத்தை நினைத்துப் பாருங்கள். தலை வழித்து அளந்தால் ஓர் அளவு, கும்பமாகக் குவித்து அளந்தால் வேறோர் அளவு. மரக்கால் ஒன்றுதான், நெல்லும் ஒன்றுதான். விவரம் தெரிந்தவர்கள் எத்தனை மரக்கால் என்பதோடு எப்படி அளப்பது என்பதையும் பேசி முடித்துக்கொண்டுதான் சாக்கை விரித்தார்கள். இன்றைய ஆய்வுக்கூடத்துக்கும் அந்தப் பேச்சு தேவை என்பதே என் வாதம்.

முதலில் ஈரத்தை எடுத்துக்கொள்வோம். 100 கிராம் நெல். அதில் 17 கிராம் தண்ணீர், 83 கிராம் உலர்ந்த பொருள். ஈரப்பதம் எத்தனை? தானிய வியாபாரி 17 என்பார். மொத்த எடையில் தண்ணீரின் பங்கை அவர் சொல்கிறார். அதே தட்டை மண் பரிசோதனைக்கூடத்துப் பொறியாளரிடம் நீட்டினால் 20.5 என்பார். உலர்ந்த பொருளின் எடையோடு தண்ணீரை ஒப்பிடுவது அவர் துறையின் வழக்கம். 17-ஐ 83-ஆல் வகுத்தால் அதுதான் வரும். யார் சொன்னது தவறு? இருவர் சொன்னதும் சரி. பொறியாளரின் கணக்குப்படி, மட்கிய தாவரங்கள் மண்டிய சதுப்பு மண்ணின் ஈரப்பதம் 100 விழுக்காட்டையும் தாண்டும். கேட்டால் சிரிப்பு வரும். கணக்கில் பிழை கிடையாது. ஏன் இப்படி இரண்டு வழக்கம்? எடை போட்டு வாங்கும் மூட்டையில் தண்ணீருக்குக் கொடுக்கிற காசு எவ்வளவு என்று வியாபாரிக்குத் தெரிந்தாக வேண்டும். பொறியாளருக்கோ, மழை பெய்தாலும் வெயில் காய்ந்தாலும் மாறாத ஒன்று அடிப்படையாக வேண்டும். உலர்ந்த மண்ணின் எடை ஒன்றுதான் அப்படி மாறாதது. தேவை மாறியது, அடிப்படை மாறியது, எண்ணும் மாறியது. ஒரு சொட்டுத் தண்ணீர்கூடக் கூடாமல் குறையாமல் மூன்றரை விழுக்காடு வேறுபாடு வந்துவிட்டது பாருங்கள்!

இது வெறும் வகுத்தல் கணக்கு. தண்ணீரை வெளியே எடுக்கும் வேலைக்கு வந்தால் கதை இன்னும் சுவையானது. தானியத்துக்கு உலகம் ஏற்றுக்கொண்ட அடிப்படை முறை ஓவன் முறை. மூடி போட்ட ஒரு சிறு உலோகக் கிண்ணம். அதில் அரைத்த மாவு சுமார் 5 கிராம். 130 டிகிரி செல்சியஸில் 2 மணி நேரம். வெளியே எடுத்ததும் மூடியைப் போட்டு, டெசிகேட்டர் என்ற கனத்த கண்ணாடிப் பாத்திரத்துக்குள் ஆற வைக்க வேண்டும். அதன் அடியில் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் மணிகள் கிடக்கும். நீலமாக இருந்தால் இன்னும் உறிஞ்சும், இளஞ்சிவப்பாகிவிட்டால் இனி உறிஞ்சாது. கிண்ணம் நன்றாக ஆறிய பிறகுதான் தராசு. ஏன் இத்தனை ஆசாரம்? சூடான கிண்ணத்தைத் தராசில் வைத்தால் சுற்றியுள்ள காற்று சூடேறி மேலெழும்பும். கிண்ணம் உள்ளதைவிட லேசாகத் தெரியும். ஈரம் கூடுதலாகக் கணக்கில் ஏறும். சரி, மேசை மேலேயே ஆறட்டும் என்று விட்டுவிட்டால்? நம் கடற்கரை ஊர்களின் காற்றில் இருக்கும் ஈரத்தை அந்தக் காய்ந்த மாவு குடித்துவிடும். கிண்ணம் கனக்கும், ஈரம் குறைவாகத் தெரியும். 5 கிராமில் ஒரு விழுக்காடு என்றால் 50 மில்லிகிராம். 10 மில்லிகிராம் தப்பினால் விடையில் 0.2 தப்பும். இன்னொன்றும் உண்டு. அரைக்கும்போதே மில்லின் சூட்டில் ஈரம் பறந்துவிடும். அதனால் ஈரம் மிகுந்த தானியத்தை முதலில் கொஞ்சம் உலர்த்தி, இழந்த எடையைக் குறித்துக்கொண்டு, அப்புறம்தான் அரைக்கச் சொல்கிறது முறை. இந்த வரிகளில் ஒன்றைத் தாண்டிப் போனாலும் ஓர் எண் கிடைக்கும். ஆனால் அது வேறு ஏதோ ஒன்றின் எண்.

இத்தனை கவனத்துக்குப் பிறகும் ஒரு கேள்வி மிச்சம் இருக்கிறது. தராசு சொல்வது எடை குறைந்தது என்பதை மட்டுமே. குறைந்ததெல்லாம் தண்ணீர்தான் என்று தராசு சொன்னதா? மிளகைப் பொடித்து ஓவனில் வைத்துப் பாருங்கள். கதவைத் திறந்தால் அறை முழுக்க மணம். அந்த மணம் எங்கிருந்து வந்தது? மிளகின் ஆவியாகும் எண்ணெய் தண்ணீரோடு சேர்ந்து கிளம்பிவிட்டது. அதன் எடையும் ஈரம் என்ற பெயரில் கணக்கில் ஏறிவிடும். ஏலக்காய் என்றால் சொல்லவே வேண்டாம். அதனால்தான் மசாலாப் பொருட்களுக்கு வேறு வழி வைத்திருக்கிறார்கள். 1920-இல் அமெரிக்கச் சுரங்கப் பணியகத்தைச் சேர்ந்த டீன், ஸ்டார்க் என்ற இருவர் பெட்ரோலியத்தில் கலந்திருக்கும் தண்ணீரை அளக்க ஒரு கண்ணாடிக் கருவி அமைத்தார்கள். பொருளை டொலுயீன் என்ற திரவத்தில் போட்டுக் கொதிக்க வைக்க வேண்டும். தண்ணீரும் டொலுயீனும் சேர்ந்து ஆவியாகி, மேலே குளிர்ந்து, கோடு போட்ட ஒரு குழாயில் விழும். தண்ணீர் கனமானது, அடியில் தங்கும். டொலுயீன் மேலே மிதந்து வழிந்து குடுவைக்கே திரும்பிப் போகும். மிளகின் எண்ணெயும் அதில் கரைந்து அதனோடே போய்விடும். குழாயின் அடியில் எத்தனை மில்லி நிற்கிறதோ அதுதான் தண்ணீர். கச்சா எண்ணெய்க்காகப் பிறந்த கருவி மிளகுக்கும் ஏலத்துக்கும் மஞ்சளுக்கும் நியாயம் சொல்ல வந்தது.

வெல்லத்திலும் தேனிலும் சிக்கல் எதிர்ப்பக்கத்திலிருந்து வருகிறது. அங்கே அதிகச் சூட்டில் சர்க்கரையே சிதையும்; சிதையும்போது, முன்பு தண்ணீராக இல்லாத ஒன்று தண்ணீராகப் பிறந்து பறக்கும். இல்லாத ஈரத்தை ஓவனே உண்டாக்கி, ஓவனே அளந்து காட்டும்! எனவே அவற்றைக் காற்றழுத்தம் குறைத்த வெற்றிட ஓவனில், 70 டிகிரி அளவிலான மிதமான சூட்டில் உலர்த்துகிறார்கள். ஜிப்சம் இன்னொரு வகை. அரியலூர், பெரம்பலூர்ப் பக்கத்து மண்ணில் அது கிடைக்கிறது. கையில் எடுத்தால் உலர்ந்த கல். ஆனால் அதன் எடையில் ஏறக்குறைய 21 விழுக்காடு படிக நீர். மண்ணை வழக்கம்போல 105 முதல் 110 டிகிரியில் 24 மணி நேரம் வைத்தால், துளைகளில் நின்ற ஈரத்தோடு ஜிப்சத்தின் படிக நீரும் கழன்றுவிடும். அதனால் ஜிப்சம் உள்ள மண் என்று தெரிந்தால் சூட்டை 60 முதல் 80 டிகிரிக்குள் இறக்கச் சொல்கிறது இந்தியத் தர நிர்ணயம்.

இங்கே ஒரு மறுப்பு எழும். தண்ணீர் தண்ணீர்தானே ஐயா, அதன் மூலக்கூறு ஒன்றுதானே, பொருளுக்குள் எத்தனை தண்ணீர் மூலக்கூறு இருக்கிறது என்பது உறுதியான ஓர் உண்மை இல்லையா, சரியான கருவி அந்த உண்மையைச் சொல்லிவிடாதா என்று கேட்கலாம். நல்ல கேள்வி. அந்தக் கேள்விக்கு மிக நெருக்கமாகப் போனவர் ஜெர்மானிய வேதியியலாளர் கார்ல் ஃபிஷர். 1935-இல் அவர் வெளியிட்ட முறையில் சூடு கிடையாது, எடைக் குறைவும் கிடையாது. அயோடினும் கந்தக டைஆக்சைடும் தண்ணீர் இருந்தால்தான் ஒன்றோடொன்று வினைபுரியும். தண்ணீர் தீரும்வரை அயோடினின் பழுப்பு நிறம் மறைந்துகொண்டே இருக்கும். தீர்ந்த நொடியில் பழுப்பு தங்கிவிடும். செலவான அயோடின்தான் தண்ணீரின் கணக்கு. மருந்துத் துறை இன்றும் இதைப் பெரிதும் நம்பியிருக்கிறது. ஆனால் இந்தக் கருவியைச் சரிபார்க்கப் பயன்படும் சோடியம் டார்ட்ரேட் என்ற உப்பைப் பாருங்கள். தொட்டால் காய்ந்த தூள்; கார்ல் ஃபிஷர் முறை அதில் 15.66 விழுக்காடு தண்ணீர் என்கிறது. அத்தனையும் படிக நீர். மூலக்கூறுக் கணக்கில் அது உண்மை. ஆனால் ஒரு கிடங்குக்காரர் அந்தத் தூளை ஈரமான சரக்கு என்று ஒதுக்கிவிட முடியுமா? துளையில் நிற்கும் நீர், பரப்பில் ஒட்டிய நீர், படிகத்துக்குள் கட்டுண்ட நீர் என்று பல நிலைகளில் தண்ணீர் இருக்கிறது. எந்த நிலை வரைக்கும் எண்ணுவது என்ற கோட்டை இயற்கை நமக்காகப் போட்டுவைக்கவில்லை. நம் தேவையைப் பார்த்து நாம்தான் போடுகிறோம். அந்தக் கோட்டைப் போடுவது எது? முறை.

தேவை என்று சொன்னேன். அதற்கு நிலக்கடலையைவிட நல்ல சாட்சி இல்லை. 14 விழுக்காடு ஈரத்தில் நெல் ஒழுங்காகக் கிடங்கில் தூங்கும். நிலக்கடலைப் பருப்பு 10 விழுக்காட்டிலேயே பூசணம் பிடிக்கத் தொடங்கிவிடும். அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சின் கதை அங்கேதான் ஆரம்பம். ஏன்? பருப்பில் ஏறக்குறைய பாதி எண்ணெய். எண்ணெய் தண்ணீரைப் பிடித்து வைக்காது. இருக்கும் தண்ணீர் முழுவதும் மற்றப் பாதியில் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கிறது. தேனில் 18 விழுக்காடு தண்ணீர் இருந்தும் அது கெடுவதில்லை. சர்க்கரை அந்தத் தண்ணீரை இறுக்கிப் பிடித்திருக்கிறது. ஆகவே கெட்டுப்போகுமா என்பதே கேள்வி என்றால், ஈரத்தின் அளவைவிட அந்த ஈரம் எவ்வளவு தளர்வாக இருக்கிறது என்பதைப் பார்க்க வேண்டும். அதற்கு நீர்ச் செயல்திறன் என்ற தனி அளவே உண்டு.

ஈரத்துக்கே இப்படி என்றால் துகளுக்கு எப்படி இருக்கும்? ஒரு கோளத்துக்குத்தான் ஓர் அளவு உண்டு. விட்டத்தைச் சொன்னால் எல்லாம் சொன்னதாயிற்று. ஆனால் எந்த மணல் கோளமாக இருக்கிறது? எந்தக் களிமண், எந்த மாவு கோளமாக இருக்கிறது? 7 மில்லிமீட்டர் நீளப் பாஸ்மதி அரிசி, செங்குத்தாக நின்றால் 2 மில்லிமீட்டர் சல்லடைக் கண்ணில் விழுந்துவிடும். படுத்தால் மேலேயே கிடக்கும். அரிசியின் அளவு 7-ஆ, 2-ஆ? சல்லடை நீளத்தை அளப்பதே இல்லை, குறுக்கை அளக்கிறது. அதுவும் எவ்வளவு நேரம் ஆட்டுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. நேரம் கூடக்கூட, நிமிர்ந்து விழும் வாய்ப்பும் கூடும்.

கட்டடம் கட்டும் மணலுக்கு வருவோம். 4.75 மில்லிமீட்டர், 2.36, 1.18, பிறகு 600 மைக்ரான், 300, 150 என்று ஒவ்வொன்றும் முந்தையதில் பாதிக் கண் கொண்ட சல்லடைகளை அடுக்கி, மேலே உலர்ந்த மணலைக் கொட்டி ஆட்டுகிறார்கள். ஐ.எஸ். 383 என்ற தர நிர்ணயத்தில் 600 மைக்ரான் சல்லடைதான் நாட்டாமை. அதன் வழியே 35 முதல் 59 விழுக்காடு விழுந்தால் இரண்டாம் மண்டலம். 60 முதல் 79 என்றால் மூன்றாம் மண்டலம். கான்கிரீட் கலவையின் விகிதமே இதைப் பார்த்து மாறும். இப்போது எம்-சாண்ட் லாரி ஒன்று வந்து நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். கல்லை உடைத்துச் செய்த மணல் என்பதால் கல்தூள் நிறைய இருக்கும். உலர்ந்த நிலையில் சலித்தால் அந்தத் தூள் பெரிய மணிகளின் மேல் அப்பிக்கொண்டு மேல் சல்லடைகளிலேயே தங்கிவிடும். அதே மணலை 75 மைக்ரான் சல்லடையில் தண்ணீர் விட்டுக் கழுவிப் பாருங்கள். பால்போலக் கலங்கி ஓடும். உலர்சலிப்பு தூள் குறைவு என்றது. கழுவிய சல்லடை தூள் கூடுதல் என்கிறது. தூளைப் பற்றித்தான் வழக்கு என்றால் கழுவாமல் தீர்ப்புச் சொல்லக்கூடாது. மாதிரியை எங்கே எடுத்தீர்கள் என்பதும் கேட்க வேண்டிய கேள்விதான். குவியலில் பருமணல் உருண்டு அடிவாரத்துக்குப் போகும், பொடி நடுவிலேயே நின்றுவிடும். ஓரத்தில் ஒரு கை அள்ளிக்கொண்டு போய் ஆய்வுக்கூடத்தில் நான்கு தசமம் வரை அளப்பதில் யாருக்கு என்ன லாபம்?

சல்லடைக்கு எட்டாத பொடியைத் தண்ணீரில் விட்டு, எவ்வளவு நேரத்தில் கீழே இறங்குகிறது என்று பார்க்கிறார்கள். 1851-இல் ஸ்டோக்ஸ் சொன்ன விதி அது: இறங்கும் வேகம் விட்டத்தின் இருமடிக்கு ஏற்ப மாறும். 20 மைக்ரான் மணல் துகள் 10 சென்டிமீட்டர் இறங்க 5 நிமிடம்கூட ஆகாது. 2 மைக்ரான் துகளுக்கு அதைப்போல் நூறு மடங்கு நேரம், அதாவது 8 மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. இது தண்ணீர் 20 டிகிரியில் இருக்கும்போது. நம் ஊரில் 30 டிகிரி வெப்பம் என்றால் தண்ணீரின் பிசுபிசுப்பு குறைந்து, ஆறு மணி நேரத்துக்குச் சற்று மேலே ஆனதும் அதே துகள் இறங்கிவிடும். குளிர்நாட்டுப் புத்தகத்தின் நேரத்தை அப்படியே எடுத்து நம் மண்ணை அளந்தால், களிமண் குறைவு என்று அந்த மண்ணுக்கு ஒரு பெயர் வந்துவிடும். களிமண் துகள் தட்டையானது வேறு. அது இலைபோல ஆடி ஆடி இறங்குவதால், இந்த முறை தருவது அதே வேகத்தில் இறங்கும் ஒரு கற்பனைக் கோளத்தின் விட்டத்தைத்தான். அதற்கும் முன்னால் ஒரு கேள்வி உண்டு: துகள் என்பது எது? மண்ணில் களிமண் கட்டிகட்டியாக ஒட்டியிருக்கிறது. சோடியம் ஹெக்சாமெட்டாபாஸ்பேட் சேர்த்துக் கலக்கினால் கட்டி பிரிந்து தனித்தனியாகும். மண்ணின் வகையைத் தீர்மானிக்க வேண்டுமானால் பிரிப்பது சரி. மழையில் எவ்வளவு மண் அரித்துப் போகும் என்று தெரிய வேண்டுமானால், வயலில் கட்டி எப்படி இருக்கிறதோ அப்படியே விட்டு அளப்பதுதான் சரி.

சராசரியில் ஒளிந்திருக்கும் வேடிக்கையையும் சொல்லிவிடுகிறேன். 1 மைக்ரான் கோளங்கள் ஆயிரம். 10 மைக்ரான் கோளம் ஒன்றே ஒன்று. இரண்டும் கலந்த தூளின் சராசரி அளவு என்ன? எண்ணிக்கையால் பார்த்தால் 1 மைக்ரானுக்கு ஒரு நூலிழை மேலே. ஆனால் அந்த ஒற்றைப் பெரிய கோளத்தின் கன அளவு ஆயிரம் சின்னக் கோளங்களின் கன அளவுக்குச் சமம். கன அளவால் பார்த்தால் சராசரி 5.5 மைக்ரான். அதே தூளுக்கு ஒருவர் 1 என்கிறார், இன்னொருவர் 5.5 என்கிறார். நுண்ணோக்கியில் எண்ணியவர் முதலாமவர். பிரித்து நிறுத்தவர் இரண்டாமவர். சிமெண்ட் துறை இந்தத் தலைவலியே வேண்டாம் என்று துகளின் அளவையே விட்டுவிட்டது. 1943-இல் அமெரிக்காவில் பிளேன் என்பவர் அமைத்த கருவியில், அழுத்தி வைத்த சிமெண்ட் வழியே காற்று எவ்வளவு நேரத்தில் கடக்கிறது என்று பார்க்கிறார்கள். பொடி நயமாக இருந்தால் காற்று திணறும். அதிலிருந்து பரப்பைக் கணக்கிடுகிறார்கள். சாதாரண போர்ட்லாண்டு சிமெண்டுக்கு இந்தியத் தர நிர்ணயம் கேட்பது கிலோவுக்குக் குறைந்தது 225 சதுர மீட்டர். சென்னைக் கணக்கில் சொன்னால், ஒரு கிலோ சிமெண்டுக்குள் ஒரு கிரவுண்ட் நிலம் மடித்து வைக்கப்பட்டிருக்கிறது!

இதெல்லாம் பழைய பஞ்சாயத்து, இப்போது லேசர் வந்துவிட்டது, தூளைப் போட்டு பொத்தானை அழுத்தினால் ஒரு நிமிடத்தில் வளைகோடு வந்துவிடுகிறதே என்று இளைஞர்கள் சொல்வார்கள். வருகிறது. நானும் அந்தக் கருவியின் வேகத்தை மெச்சுகிறவன்தான். ஆனால் அது அளப்பது எதை? துகளில் பட்டுச் சிதறும் ஒளியின் கோணத்தை. பெரிய துகள் ஒளியைச் சிறு கோணத்தில் சிதறடிக்கும், சிறிய துகள் அகலமாகச் சிதறடிக்கும். கோணத்திலிருந்து விட்டத்துக்கு வர, 1908-இல் குஸ்தாவ் மீ எழுதிய கணிதம் வேண்டும். அந்தக் கணிதத்துக்குத் துகளின் ஒளிவிலகல் எண்ணைக் கொடுத்தாக வேண்டும். துகளைக் கோளமாகவும் நினைத்தாக வேண்டும். ஒளிவிலகல் எண்ணை மாற்றிப் போட்டால், அதிலும் ஒரு மைக்ரானை ஒட்டிய பொடிக்கு, வளைகோடே மாறிவிடும். ஆக, சல்லடையில் கண்ணுக்கு முன்னால் இருந்த ஏற்பாடுகள் லேசரில் மென்பொருளுக்குள் போய் உட்கார்ந்துகொண்டன. கண்ணுக்குத் தெரியாத ஏற்பாட்டை அதிகமாகக் கேட்க வேண்டுமா, குறைவாகக் கேட்க வேண்டுமா?

துகளும் ஈரமும் தனித்தனிக் கேள்விகள் என்று எண்ணிவிட வேண்டாம். இரண்டும் கைகோத்துக்கொண்டால்தான் உண்மையான சோதனை. நம் ஊரில் மணல் யூனிட் கணக்கில் விற்கிறது. 100 கன அடி ஒரு யூனிட். மணலில் 5 விழுக்காடு அளவில் ஈரம் சேர்ந்தால், ஒவ்வொரு மணியையும் ஒரு நீர்ப்படலம் சூழ்ந்து, மணிகளை நெருங்கவிடாமல் தள்ளி நிறுத்தும். மணல் உப்பிவிடும். கால் பங்கு உப்பினால், நீங்கள் வாங்கிய 100 கன அடியில் உண்மையான மணல் 80 கன அடிதான். பொடி மணலில் உப்பல் இன்னும் கூடும். ஏனென்றால் பரப்பு அதிகம், படலமும் அதிகம். இதில் ஒரு விந்தை: மணல் முழுவதும் மூழ்கும் அளவுக்குத் தண்ணீரை விட்டால் படலம் அழிந்து, மணல் பழைய அளவுக்கே படிந்துவிடும். ஒரு கண்ணாடி ஜாடியில் ஈர மணலை நிரப்பி, தண்ணீர் விட்டுக் குத்தி, எத்தனை விரற்கடை இறங்குகிறது என்று பார்த்தால் உப்பல் தெரிந்துவிடும். கட்டட வேலை நடக்கும் இடத்தில் எவரும் செய்யலாம்.

காற்றின் தூசியிலும் இந்தக் கூட்டணி உண்டு. போகிக் காலையில் செய்தியில் வரும் பிஎம் 2.5 என்ற அளவு, நுண்ணோக்கியில் தெரியும் விட்டத்தைக் குறிப்பதில்லை. தண்ணீரின் அடர்த்தி கொண்ட 2.5 மைக்ரான் கோளம் காற்றில் எப்படி இறங்குமோ, அப்படி இறங்கும் துகள் என்பதே அதன் இலக்கணம். குவார்ட்ஸ் மணல் தூசி என்றால் அதன் நிஜ விட்டம் 1.5 மைக்ரான் அளவில்தான் இருக்கும். தூசி படிந்த வடிதாளை நிறுப்பதற்கு முன் குறிப்பிட்ட ஈரக்காற்றில் வைத்திருக்க வேண்டும். அமெரிக்க விதி 30 முதல் 40 விழுக்காடு ஒப்பு ஈரப்பதம் என்கிறது. ஐரோப்பிய விதி 45 முதல் 50 என்கிறது. உப்பும் சல்பேட்டும் ஈரத்தை வாங்கிக் கனப்பவை. ஒரே வடிதாள், இரண்டு கண்டங்கள், இரண்டு எடைகள்.

அப்படியானால் எல்லாமே அவரவர் இஷ்டமா? எந்த எண்ணையும் நம்பக்கூடாதா? இதுதான் எனக்கு வரக்கூடிய மிகப் பெரிய மறுப்பு. என் பதில் இதற்கு நேர் எதிரானது. முறையைச் சொன்ன பிறகுதான் எண் நம்பத்தக்கதாகிறது. பிளேன் கருவியைப் பாருங்கள். பரப்பு ஏற்கெனவே தெரிந்த ஒரு சான்றுச் சிமெண்டை வைத்துத்தான் ஒவ்வொரு கருவியையும் திருத்திக்கொள்கிறார்கள். அதனால் ஊருக்கு ஊர் கருவி வேறாக இருந்தாலும் ஒரே சிமெண்டுக்கு ஒத்துப்போகும் விடை வருகிறது. அந்தப் பரப்பு இயற்கையின் இறுதி உண்மையா என்றால், இல்லை. வேறு முறையில் அளந்தால் வேறு எண் வரும். ஆனால் இரண்டு தொழிற்சாலைகள், ஒரு வாங்குபவர், ஒரு நீதிமன்றம், நால்வரும் ஒரே எண்ணை வைத்துப் பேச முடிகிறதே, அது எப்படி வந்தது? எல்லோருக்கும் தெரிந்த ஏற்பாட்டால் வந்தது. ஏமாற்ற நினைப்பவருக்குத் தோதான இடம், முறை சொல்லப்படாத இடம். முறை வெளிப்படையாக எழுதப்பட்ட தாளில் பொய் சொல்வது கடினம். இன்னொருவர் அதே முறையில் அளந்து காட்டிவிடுவார்.

கடைசி மறுப்பு களத்திலிருந்து வருகிறது, அதுதான் எனக்கும் கனமாகப் படுகிறது. கொள்முதல் நிலையத்தில் நெல் குவிந்து கிடக்கிறது, மேகம் கறுத்துவிட்டது, 2 மணி நேரம் ஓவனில் வைக்க நேரம் ஏது என்கிறார்கள். நியாயம். அதனால்தான் மீட்டர் வந்தது. மின்னியல்பில் தண்ணீருக்கும் காய்ந்த தானியத்துக்கும் பெரிய வேறுபாடு உண்டு; மின்காப்பு மாறிலி தண்ணீருக்கு ஏறக்குறைய 80, காய்ந்த தானியத்துக்கு ஒற்றை இலக்கம். மீட்டர் இந்த மின்னளவை வாங்கி ஈரப்பதமாக மொழிபெயர்க்கிறது. ஆனால் சி.ஆர் 1009 போன்ற மோட்டா ரகமும் வெள்ளைப் பொன்னி போன்ற சன்ன ரகமும் மீட்டரின் கிண்ணத்தில் ஒரே மாதிரி அடைவதில்லை. வெயிலில் சுட்ட நெல்லும் விடியற்காலை நெல்லும் ஒரே அளவு காட்டுவதில்லை. நெல் கொள்முதலுக்கு வழக்கமான ஈர வரம்பு 17 விழுக்காடு. பருவம் தப்பிய மழையால் 2022 அக்டோபரில் 19 வரைக்கும், 2023 பிப்ரவரியில் 20 வரைக்கும் மத்திய அரசு தளர்வு தந்தது. இந்த எண்களுக்காக எத்தனை மனு, எத்தனை ஆய்வுக் குழு, எத்தனை நாள் காத்திருப்பு! அப்படிப் போராடிப் பெற்ற விழுக்காடுகளை, ஓவனோடு ஒப்பிட்டுப் பார்க்காத ஒரு மீட்டர் ஒரு நொடியில் தின்றுவிட இடம் கொடுக்கலாமா? மீட்டரின் பிழை அரை விழுக்காடு என்றே வைத்துக்கொள்வோம். 17.3 என்று அது காட்டினால் அந்த நெல்லின் ஈரம் 16.8-ஆகவும் இருக்கலாம், 17.8-ஆகவும் இருக்கலாம். 17.3 என்ற ஒற்றை எண்ணைக் காட்டி மூட்டையைத் திருப்பி அனுப்புவதற்கு அளவியலில் இடமில்லை.

ஆகவே மீட்டரைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. பருவம் தொடங்கும்போது, அந்தப் பகுதியில் விளைந்த ரகங்களை வைத்தே ஒவ்வொரு மீட்டரையும் ஓவனோடு ஒப்பிட்டு, அந்தத் தேதியையும் வித்தியாசத்தையும் நிலையத்தின் பலகையில் எழுதிப் போடட்டும். குவியலின் மேலே, நடுவில், அடியில் என்று எடுத்து, மூன்று அளவையும் சீட்டில் குறிக்கட்டும். வரம்பைப் பிழையின் அளவுக்குள் தொட்டு நிற்கும் நெல்லுக்கு மட்டும், விவசாயியின் கண்முன்னே ஒரு மாதிரியைக் காற்றுப் புகாத டப்பாவில் அடைத்து, இரு தரப்பும் கையெழுத்திட்டு, பக்கத்து ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பட்டும். அங்கே தேவைப்படுவது ஓர் ஓவன், ஒரு நல்ல தராசு, ஒரு டெசிகேட்டர், நீலம் மாறாத சிலிக்கா ஜெல். காலையில் போன டப்பாவுக்கு மாலைக்குள் விடை வந்துவிடும். அதுவரை அந்தக் குவியலுக்கு மேலே ஒரு தார்ப்பாய் போதும்.